நடைக்கு உபயமும் தண்ணீர்ப்பந்தரும்

சைவ பாடசாலைகளிற் கற்பிக்கும் மெய்யன்பர்களே,

உபயம் என்னுஞ் சொல் நம் திருக்கோயில்களில் நெடுங்காலமாக வழங்குவது. கொடியேற்றம் முதல் தீர்த்தம் ஈறாக ஒவ்வொரு நாட் டிருவிழாவும் ஒருவருடைய உபயமாகவோ ஒரு குடியாருடைய உபயமாகவோ நடைபெறும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களில் இவ்வுரிமை தாய்வழிக் குடிமுறையைத் தழுவி வருவது. அங்குள்ள பள்ளிவாசல்களிலும் மரைக்காயர்மார் குடிகளின் சார்பாக இருந்து காரியம் பார்த்த வழக்கு உண்டு. ஆகவே, பிறர் செய்யும் நற்கருமத்தைப் பொருள் கொடுத்துத் தாங்குதல் கல்முனைப் பக்கத்துச் சைவருக்கும் முஸ்லிம்களுக்கும் எவரும் புதிதாகக் கற்பிக்கவேண்டியதொன்றன்று. இக்காலத்திலே இவ்வுபயம் வேறொரு வடிவெடுத்து வந்திருக்கின்றது. தீராத நோயுடையார் பொருட்டுச் சிலர் நெடுந்தூரம் நடக்கின்றனர். அந்நடைக்கு வேறு சிலர், மைலுக்கு இவ்வளவு என்றோ மொத்தமாக இவ்வளவு என்றோ பொருள் கொடுக்கின்றனர். சேர்ந்த பொருள் மருந்துக்கும் வைத்தியசாலைக்கும் போகின்றது. இதனை நாம் நடைக்கு உபயம் என்று சொல்லுவோம். இது சைவர் செய்யத்தக்கதா, செய்யின் எங்ஙனஞ் செய்யத்தக்கது என்பதே ஈண்டு ஆராயப்படும்.

நடந்து நோற்றல் நமக்குப் பழையது. வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படுங் கதிர்காம யாத்திரிகர், ஒன்றரை மாதமளவு நடந்து, மட்டக்களப்பைக் கடந்து, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று கரைவழியே போய், குமண, யால வனங்களுட் புகுவர். அவ்வழியில் முஸ்லிம் ஊர்கள் பல. யாத்திரிகருக்குத் தாகசாந்தி செய்வோருள் முஸ்லிம் அன்பர்களும் உளர். கதிர்காமத்திற் கந்தசுவாமி சந்நிதியோடு ஒரு பள்ளிவாசலும் இருத்தலை அறியாதார் இலர்.

இனி, தம் நேர்த்திக்காக அன்றிப் பிறருடைய நோய்க்காக நடந்த நடையொன்றை இத்தீவு 2011 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே கண்டது. நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ என்னும் இருவர், ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களவர், தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறக்குறைய 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாளில் நடந்து முடித்தனர். வழியெங்கும் மக்கள் திரண்டு உடன் நடந்தனர். அந்நடையாற் சேர்ந்த நிதி தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை எழுதற்குப் பயன்பட்டது. போர் முடிந்து இரண்டே ஆண்டு கழிந்திருந்த காலம் அது. 2016 ஆம் ஆண்டிலே அந்நடை திசைமாறிப் பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கிப் போயிற்று. அப்போது நாடிய பொருள் காலிப் பக்கத்துக் கராப்பிட்டியப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு. வடக்கின் நோயாளர்க்காகத் தெற்கிலிருந்தும், தெற்கின் நோயாளர்க்காக வடக்கிலிருந்தும் கால்கள் நடந்தன என்பதை நம் மாணாக்கருக்குப் புவியியற் படத்தை விரித்து வைத்துக் காட்டுதல் நன்று.

அது புற்றுநோய் பற்றியது. யாம் ஈண்டு எடுத்துக்கொண்டது அதனினும் வேறான ஓர் இனத்து நோய். ஒரு நாளிற் கொல்லாது, ஆயுள் முழுதும் உடன் வருவது. வைத்திய நூலார் அவ்வினத்தைத் தன்னுடல் தாக்குநோய் என்பர். நம் உடம்பினுள்ளே புறத்திருந்து வருங் கிருமிகளை எதிர்த்தற்கு ஒரு காவற்படை இருக்கின்றது. அப்படை, தன்னவர் யார், பிறர் யார் என்னும் அறிவு திரிந்து, தான் காக்கவேண்டிய உறுப்பையே பகையென்று கருதி அழிக்கத் தொடங்குவதே இந்நோய். மூட்டுக்களை அழிப்பின் முடக்குவாதம். தோல், சிறுநீரகம் முதலியவற்றை அழிப்பின் லூபஸ். கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்களை அழிப்பின் முதலாம் வகை நீரிழிவு. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலும் இளம் பருவத்திலும் வெளிப்படுவதாதலின், உங்கள் முன்னிலையில் வாங்கிலிருக்கும் பிள்ளைகளுக்கு வரக்கூடியது. ஆதலால் அதனையே இங்கு விரித்துரைப்போம்.

நம்மவர் நீரிழிவு என்றதும் முதியோருக்கு வருவதனையே நினைப்பர். அது இரண்டாம் வகை; அதனை நடையாலும் உணவு ஒழுங்காலும் ஓரளவு தடுக்கலாம். முதலாம் வகையோ பிள்ளை இனிப்புத் தின்றமையால் வந்ததன்று. தாய் ஊட்டிய பிழையுமன்று. அப்பிள்ளை தண்ணீர் தண்ணீரென்று கேட்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்க வெளியே போகும். நன்றாக உண்டும் மெலியும். வகுப்பிற் சோர்ந்து தூங்கும். இக்குறிகளை முதலிற் காணத்தக்கவர் பெற்றாரும் ஆசிரியருமே. அடிக்கடி வெளியே போகக் கேட்கும் பிள்ளையை ஒழுக்கமில்லாததென்று தண்டித்தல் எளிது. ஆயின் அத்தண்டனை இடம் மாறிப் போதலும் உண்டு என்பதை நினைவிற் கொள்க.

நூறாண்டுக்கு முன் இந்நோய் வந்த பிள்ளை பிழைத்தல் அரிது. 1922 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே கனடா தேசத்து டொரொன்ரோ நகரில், லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முறையாக இன்சுலின் ஏற்றப்பட்டது. சாவை எதிர்நோக்கியிருந்த பிள்ளை பிழைத்தான். அதனைக் கண்டறிந்தோருட் பாண்டிங், பெஸ்ட், கொலிப் என்னும் மூவரும் 1923 இல் அம்மருந்தின் உரிமையைத் தலைக்கு ஒரு டொலர் பெற்றுக்கொண்டு டொரொன்ரோப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டனர். கோடி பொருள் ஈட்டத்தக்கதொன்றை ஒரு வெள்ளிக்கு விட்டவர்கள் சைவரல்லர். எனினும் ஈகை இன்னதென்று வகுப்பிற் கற்பிக்கும்போது, பறம்பின் வள்ளலோடு அவரையுஞ் சேர்த்துச் சொல்லுதல் தகாதென்று எவர் கூறுவர்?

ஆயின் இன்சுலின் நோயைத் தீர்ப்பதன்று. ஒவ்வொரு நாளும் உயிரைக் கடன் வாங்கித் தருவது. நாள்தோறும் பல முறை ஊசி. பல முறை விரலிற் குத்தி இரத்தத்திற் சீனியின் அளவைப் பார்த்தல். நம் நாட்டிலே அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்து விலையின்றிக் கிடைப்பது பெரும்பேறு. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, வடக்கு ஆதார வைத்தியசாலை என இரண்டு உள. ஆனால் அளவு பார்க்குங் கருவியும் அதற்கான பட்டிகளும் பெரும்பாலும் தம் கைப்பொருளால் வாங்கவேண்டியவை. 2022 ஆம் ஆண்டிலே நாடு பொருள் நெருக்கடியில் வீழ்ந்தபோது மருந்துத் தட்டுப்பாடு எத்துணைக் கலக்கம் விளைத்தது என்பதை நாம் மறந்திலேம். கடலை நம்பிப் பிழைக்கும் ஒரு வீட்டிலும், மருதமுனையிலே தறியை நம்பிப் பிழைக்கும் ஒரு வீட்டிலும், இப்பட்டிகளின் விலை அரிசியின் விலையோடு போட்டியிடும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை அக்கரை வெயிலிலிருந்து காத்தலும் ஒரு பாடு. நீர் கசிந்து குளிரும் மட்பாண்டத்துள் வைத்துக் காப்போரும் உண்டு. நடைக்கு உபயமாகக் கொடுக்கும் பணம் போய்ச் சேரவேண்டிய இடம் இதுவே என்பதை முதலில் மனத்திற் கொள்க.

இனி ஆசங்கைகளுக்கு வருவாம். ஒருவர் சொல்லுவர்: நோய் முன்வினைப் பயன்; அனுபவித்தே கழிக்கவேண்டியது; அதற்கு நடையும் உபயமும் எற்றுக்கு? இச்சொல்லைச் சைவத்தின் பெயராற் சொல்லுதல் எமக்குப் பெருந்துயர் தருகின்றது. திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் கொங்குநாட்டுத் திருக்கொடிமாடச்செங்குன்றூரிலே எழுந்தருளியிருந்தபோது, அந்நாட்டுக் குளிர்சுரம் உடன் வந்த அடியாரைப் பற்றிற்று. அப்போது பிள்ளையார் அருளியது திருநீலகண்டத் திருப்பதிகம். அதன் தொடக்கத்தை ஊன்றி நோக்குக. இது அவ்வினையின் பயன் என்று எடுத்துச் சொல்ல அறிந்தவர்களை முன்னிறுத்தி, அங்ஙனஞ் சொல்லிக்கொண்டு உய்யும் நெறியைத் தேடாதிருத்தல் உங்களுக்கே குறைவன்றோ என்று வினவும் பொருள் அங்கே இருக்கின்றது. சுரம் தம் அடியாரைவிட்டு நீங்கியதோடு அந்நாட்டை விட்டும் நீங்கிற்று என்பது சேக்கிழார் பெருமான் வாக்கின் கருத்து. நாட்டார் எல்லாரும் திருநீறு அணிந்தவரா என்று பிள்ளையார் வினவித் தெரிந்த பின்னரா சுரம் நீங்கிற்று? வினையென்னுங் கொள்கை, ஒருவன் தனக்கு வந்த துன்பத்திலே பிறரை நோவாதிருத்தற்குத் தரப்பட்டது. அயலான் பிள்ளைக்கு வந்த துன்பத்திலே நாம் கைகட்டியிருத்தற்குத் தரப்பட்டதன்று. நோய் வினைவழி வந்ததாயின், மருந்தும் மருந்து கொணர்வானும் எவ்வழி வந்தனர்?

எட்டு வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே, உன் வினை என்று ஓர் ஆசிரியர் சொன்னால், அப்பிள்ளை அன்றைக்கு நம் சமயத்தை வெறுக்கத் தொடங்கும். அதன் பின் நாம் பண்ணோடு திருமுறை ஓதுவித்து யாது பயன்?

வேறொருவர், நூலறிவுடையார், கேட்பர்: இது பசுபுண்ணியமன்றோ, சிவபுண்ணியமாகாதே என்று. வினா நியாயமானது. உயிர்களுக்குச் செய்யும் உதவி சிவத்தை நோக்காதவழிப் பசுபுண்ணியமாய் நின்று, அனுபவித்து அழியும் என்பது நம் நூற்றுணிபு. எனினும் செய்கை ஒன்றேயாயிருக்க, நோக்கினால் வேறுபடுகின்றது என்பதும் அந்நூற்றுணிபே. இதற்குத் திங்களூர் அப்பூதியடிகளே சான்று. அவர் செய்தது என்ன? வழிநடப்போருக்குத் தண்ணீர்ப்பந்தர் வைத்தார், குளந் தொட்டார், சாலை அமைத்தார். இவை பிறரும் செய்யுந் தருமங்களே. அவற்றைச் சிவபுண்ணியமாக்கியது, அவர் தாம் கண்ணாற் கண்டிராத திருநாவுக்கரசு நாயனாருடைய திருப்பெயரை அவற்றுக்கெல்லாம் இட்டு நின்ற அன்பு. வெயிலில் நடந்து வந்த நாவுக்கரசர் அப்பந்தரை அடைந்து, தம் பெயர் அங்கே எழுதப்பட்டிருத்தலைக் கண்டு, உம் பெயரை எழுதாது வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று அடிகளை வினவியபோது, அவர் வெகுண்டார். தம் பெயரை எழுதலாமே என்று ஒருவர் சொன்னது அவருக்கு வசையாகப் பட்டது.

இக்காலத்து நடைகளுக்கு உபயஞ் செய்வோருட் பலரை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்குமிடத்து நகை வருகின்றது. நடப்போரின் சட்டையின் முன்னும் பின்னும் கொடுத்தவருடைய முத்திரை. பதாகையில் நோயின் பெயரினும் கடையின் பெயர் பெரிது. தண்ணீர்ப் போத்தலிலும் அதுவே. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆந் தேதி ஆழிப்பேரலையால் இத்தீவிலே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் அலைவாய்ப்பட்டன. அதன் பின்பு வந்த உதவிகள் பல. நன்றி மறத்தல் கூடாது. ஆயினும் வீட்டினும் வீட்டைத் தந்தவர் பெயர்ப்பலகை உறுதியாய் நின்ற இடங்களும் இருந்தன என்று சொல்லுதல் குற்றமாகாது.

கனடா தேசத்திலே டெரி பொக்ஸ் என்னும் இளைஞர், புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர், 1980 ஆம் ஆண்டிலே செயற்கைக் காலோடு 143 நாள் ஓடி 5,373 கிலோமீற்றர் கடந்தார். நோய் நெஞ்சுக்குப் பரவியமையால் இடைவழியில் நிறுத்தி, மறு ஆண்டில் உயிர் நீத்தார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அவர் பொருள் திரட்டியபோது, தம் ஓட்டத்தைத் தங்கள் சரக்குக்கு விளம்பரமாக்க விரும்பிய நிறுவனங்களை மறுத்துவிட்டார். வாகனமும் எரிபொருளும் பாதரட்சையும் உதவியவர்களிடம் உதவியை மட்டும் ஏற்றார். திங்களூரை அவர் கேள்வியுற்றிருக்க நியாயமில்லை.

அப்பூதியடிகள் சரித்திரத்தில் ஆசிரியர்களாகிய நாம் சிறப்பாகக் கற்கவேண்டிய பகுதி இனி வருவது. நாவுக்கரசர் அமுதுசெய்ய எழுந்தருளியபோது, வாழைக்குருத்து அரியப் போன மூத்த மகன் பாம்பு தீண்டி இறந்தான். அடிகளும் மனைவியாரும், அமுது தடைப்படுமே என்று, அதனை மறைத்தனர். நாயனார் யாவருக்கும் திருநீறு அளித்துவரும்போது ஒரு பிள்ளை குறைவதைக் கண்டார். மூத்தவன் எங்கே என்று கேட்டார். மறுமொழி அவர் உள்ளத்துக்கு ஒவ்வாமையால், மேலும் வினவி உண்மையை அறிந்தார். அறிந்த பின்பு உண்ணாது எழுந்தார். பின்னர் நிகழ்ந்தது திருவருள். ஆனால் இல்லாத பிள்ளையைக் காணுதலும், எங்கே என்று கேட்டலும், மழுப்பலை ஏற்றுக்கொள்ளாமையும் நம்மாலும் இயல்வன.

ஏனெனில் இக்காலத்திலும் பெற்றார் மறைக்கின்றனர். பெண்பிள்ளைக்கு ஊசிபோடும் நோய் உண்டென்று ஊர் அறிந்தால் நாளைக்குச் சம்பந்தம் வராதென்று அஞ்சுகின்றனர். இவ்வச்சம் சைவ வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் பொது. ஆகவே பிள்ளை மலசலகூடத்தில் ஒளித்து ஊசி போட்டுக்கொள்ளும். அல்லது போடாமல் விட்டுவிடும். ஆசிரியர் பெற்றாரைத் தனியே அழைத்துப் பேசி, வகுப்பறியப் பறைசாற்றாது, ஊசிக்கும் உணவுக்கும் நேரமும் மறைவிடமும் ஒழுங்குசெய்தல் வேண்டும். இன்சுலின் ஏற்றிய பிள்ளைக்குச் சில வேளை சீனி மிகக் குறைந்துபோம்; கை நடுங்கும்; வியர்க்கும்; காரணமின்றிச் சினம் வரும்; கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை சொல்லும். உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்துக் கால்மணி நேரம் உடனிருந்து பார்க்க. குறி மாறாவிடின் மீண்டும் கொடுக்க. நினைவு தப்பி விழுந்துவிட்டால் வாயில் எதனையும் ஊற்றலாகாது, வைத்தியசாலைக்கே கொண்டுபோக. ஆசிரியர் மேசையில் ஒரு சிறு போத்தற் சீனி இருத்தல், யாம் கருதுமளவில், கந்தசட்டிக்கு ஒரு நாள் உபயத்துக்குக் குறைந்ததன்று.

கந்தசட்டி என்றதனால் விரதத்தையுஞ் சொல்லிவிடுவோம். இந்நோயுடைய பிள்ளை வைத்தியர் உத்தரவின்றி உபவாசம் இருத்தலாகாது. இருக்குமாறு தூண்டும் ஆசிரியர் புண்ணியந் தேடுபவரல்லர். முஸ்லிம்களுடைய மார்க்கமும் நோயாளிக்கு நோன்பில் விலக்களித்திருக்கின்றது. பிள்ளை தன் கூட்டாளிகளைப்போல் தானும் நோற்கவேண்டுமென்று அழுதால், ஆலயத்தில் விளக்குத் திரி திரிக்கவும் பூத்தொடுக்கவும் விடுக. சரியைத் தொண்டு அதுவும்.

நடை கல்முனையில் நடப்பதாயின், அது ஒரு சமயத்தார் நடையாதல் கூடாது. அக்கரையின் அமைப்பே அதனை அனுமதியாது. பெருந்தெருவில் மருதமுனை முஸ்லிம் ஊர், அடுத்துத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்குப் பேர்பெற்ற பாண்டிருப்பு, பின் கல்முனை, கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஆண்டகை பேராற் கொடியேறுங் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, அதன் பின் கண்ணகை அம்மன் கோயிலையுடைய காரைதீவு. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று அக்கரையார் சொல்லுவது வெறும் உபசாரமன்று. ஊர்களின் வரிசையே அப்படி இருக்கின்றது. இடையிடையே கசப்பும் குருதியும் இருந்தன. இன்றும் எல்லைப் பேச்சுக்கள் ஓயவில்லை. தன்னவரைப் பகைவரென்று மயங்கும் நோய் உடம்புக்கு மாத்திரம் உரியதன்று என்று ஒரு வாக்கியஞ் சொல்லி அப்பாற் செல்வோம்.

காரைதீவு விபுலாநந்த அடிகள் 1892 இல் அவதரித்த ஊர். 1942 இல் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் அரசாங்க உதவி ஏசண்டாகக் கல்முனைக்கு வந்திருந்தபோது அடிகளோடு நட்புப் பூண்டார். அவ்வாண்டிலேயே கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கத்தை நிறுவினார். அம்முயற்சியே வளர்ந்து 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாயிற்று. ஏழை மாணவனை உபயகாரர் கூடித் தாங்கும் அமைப்பு அக்கரையிலேயே முளைத்தது என்பதற்காக இதனைச் சொல்லுகின்றோம். அந்நிதியின் சிறப்பு, ஒரு நாட் கொடையாக முடியாமை. நோயாளிப் பிள்ளைக்கும் அவ்வாறே வேண்டும். நடை ஒரு காலை. ஊசி ஆண்டில் முந்நூற்றறுபத்தைந்து நாள். ஆகவே உபயகாரர் ஒருவர் ஒருமுறை பெருந்தொகை தருதலினும், ஒரு பாடசாலையின் ஆசிரியர்கள் கூடி ஒரு பிள்ளையின் பட்டிச் செலவை மாதந்தோறும் ஏற்றல் மேல். பொருள் கையிற் புரளாமல், வைத்தியசாலையின் நீரிழிவுச் சிகிச்சை நிலையத்து வைத்தியர் குறித்துக் கொடுக்கும் பொருளாகவே வாங்கிக் கொடுக்கப்படுக. யாருக்குப் போயிற்று என்னும் பட்டியலைப் பொதுச்சுவரில் ஒட்டவேண்டா. கணக்கை மட்டும் ஒட்டுக.

நடையில் இந்நோயுடைய பிள்ளைகளும் வரலாம். சீனி பார்த்துக்கொண்டு, ஓர் ஆசிரியர் அருகிருக்க நடக்கட்டும். முடக்குவாதமுடையார் நடக்க இயலாதாயின் தண்ணீர்ப்பந்தரில் அமர்ந்து கொடுக்கட்டும். பந்தரில் வர்ணச் சர்பத்து வேண்டா. கொதித்தாறிய நீரும், தனியே மூடிவைத்த சீனியும் போதும். சைவ ஊரின் பந்தரை முஸ்லிம் பாடசாலை ஆசிரியரும், முஸ்லிம் ஊரின் பந்தரைச் சைவ பாடசாலை ஆசிரியரும் உபயமாக ஏற்றால் நன்று. பெயர் எழுதும் ஆசையும் அதனாற் குறையும்.

நாளைக் குறித்து ஒரு சொல். உலகெங்கும் நீரிழிவு தினமாகக் கொள்வது நவம்பர் 14. பாண்டிங் பிறந்த நாள். அக்கரையில் அது மாரி. 2024 நவம்பர் வெள்ளத்திலே மாவடிப்பள்ளிப் பாதையில் மத்ரசா மாணவர் சிலர் உழவு இயந்திரத்தோடு அடித்துச் செல்லப்பட்டு மாண்டதை அவ்வூரார் மறக்கமாட்டார்கள். அம்மாதத்திற் பிள்ளைகளைத் தெருவில் இறக்குதல் தகாது. மழை விட்ட தையின் பின்னர், நோன்பு மாதம் ஆண்டுதோறும் நகர்ந்து வருவதாதலின் பள்ளிவாசலாரையும், திருவிழாக்களை ஆலய பரிபாலகரையும் கேட்டுக்கொண்டு, ஒரு சனிக்கிழமையைக் குறிக்கலாம். வெள்ளி ஜும்ஆவுக்கும் ஞாயிறு அறநெறி வகுப்புக்கும் அது இடையூறாகாது. விடியுமுன் மருதமுனையிற் கூடிப் புறப்பட்டு, காலை எட்டு மணிக்குள் காரைதீவைச் சேர்தல் வேண்டும். அதற்குமேல் அக்கரை வெயில் பிள்ளைகளுக்கு ஆகாது.